அகழூருக்கு என்ன விலை?

கல்யாணப் பத்திரிகை போட வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஐநூறு கார்டு என்ன ரேட்டுங்க?" பிள்ளையாரை எத்தனை தடவை இடம் மாற்றினேன், மாப்பிள்ளையின் பட்டப்படிப்பை ஒரே வரியில் அடக்க எத்தனை மணி நேரம் ஆனது என்று இருபது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. இது தெரிந்த ஆள்தான் நான். அப்படியும் அகழூர் என்ற கற்பனை ஊரைப் பற்றி நான் எழுதிய ஆட்டப் புத்தகத்துக்கு விலை வைக்க உட்கார்ந்தபோது, "மூணு வருஷம் உழைச்சிருக்கேனே" என்றுதான் கணக்கை ஆரம்பித்தேன். இப்படி ஊர் கட்டிப் புத்தகம் போட நினைக்கும் நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் பென் டிரைவோடு வந்து, ஒரு தாளைக் காட்டி, தடிமனான பேப்பரில் 6 காப்பி கேட்டார்கள். கட்டம் கட்டமாக இருந்தது. "என்ன ஃபார்ம் தம்பி, லோனா?" என்றேன். "இல்லண்ணா, இது என் எல்ஃபோட ஷீட்டு" என்றான் ஒருவன். அடுத்த ஞாயிறு சும்மா பார்க்கப் போனேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டமாம்: ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடுவது. அந்தத் தாளில் இருந்தது பாத்திரத்தின் விவரம். அதற்கடுத்த ஞாயிறு என் கையிலும் இருபது பக்கப் பகடை. இப்போது கடை மாடியில் வாரா வாரம் ஆட்டம், நடத்துவது நான். அந்த ஆட்டத்துக்காகக் கட்டிய ஊர்தான் அகழூர். நான்கு பக்கமும் அகழி, நடுவில் கோட்டை, வெளியே தோல் பதனிடும் பேட்டை. எங்கிருந்து எடுத்தேன் என்று வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகம் 128 பக்கம். தமிழில் அச்சு, ஆங்கிலத்தில் பிடிஎஃப்.

விலையை முதலில் முடிவு செய்யுங்கள், எழுதுவது அப்புறம். தலைகீழாகத் தெரியும், ஆனால் எத்தனை பக்கம், எத்தனை படம், கலரா கருப்பு வெள்ளையா எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பது விலைதான். வாங்குபவர் யார் என்று பாருங்கள். ஆட்டக்காரர்கள் அல்ல. ஆட்டம் நடத்துபவர், அதாவது மேசைக்கு ஒருவர். அவர் ஏற்கெனவே விதிப் புத்தகங்கள் வாங்கியிருப்பார், உங்கள் புத்தகம் அதற்கு மேல் ஒரு செலவு. 2006இல் மாண்டி குக் என்பவர் டாலஸ் (Ptolus) என்ற ஒரே கற்பனை நகரத்தைப் பற்றி 672 பக்கப் புத்தகம் போட்டு 119.99 டாலர் விலை வைத்தார். அதுவும் விற்றது. ஆனால் அவர் அதற்கு முன்பே இதே விளையாட்டின் மூன்றாம் பதிப்பை எழுதியவர்களில் ஒருவர். நம் பெயரைக் கேட்டு யாரும் பர்ஸைத் திறக்கப் போவதில்லை.

துண்டுத் தாளில் நான் போட்ட கணக்கு இது. படங்களுக்கு 22,000, வரைபடத்துக்கு 9,000, ஆங்கிலப் பிரதியைத் திருத்தியவருக்கு 11,000. பக்க வடிவமைப்பு என் கை வேலை, காசு இல்லை. ஆக 42,000 ரூபாய். பிடிஎஃப்பை 12 டாலருக்கு விற்றால், இந்த மாதிரி ஆட்டப் புத்தகங்கள் விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் எனக்கு 65 சதவீதம், அதாவது 7.80 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 663. பேபால் கட்டணம், ரூபாயாக மாற்றும்போது அவர்கள் பிடிப்பது எல்லாம் போகக் கைக்கு 600 என்று வைத்தேன். 70 பிரதி விற்றால் போட்ட காசு வந்துவிடும். இதையே பயந்துகொண்டு 5 டாலர் என்று வைத்திருந்தால் கைக்கு வருவது 250. அப்போது 168 பிரதி விற்க வேண்டும். விலையைப் பாதிக்கும் கீழே இறக்கினால் வாங்குபவர்கள் இரண்டரை மடங்கு ஆவார்களா? ஆக மாட்டார்கள். 5 டாலருக்கு யோசிப்பவர் 12க்கும் யோசிப்பார். அவர் யோசிப்பது காசை அல்ல, இதை எப்போது படிப்பது என்பதை.

"விருப்பப்பட்டதைக் கொடுங்கள்" என்ற விலை முறையையும் முயன்று பார்த்தேன். முழுப் புத்தகத்துக்கு அது வேண்டாம். ஒரே ஒரு பேட்டையை மட்டும் 12 பக்கத்தில் தனியாக வெட்டி எடுத்து, அதை இலவசமாகப் போடுங்கள். ஒரு ஞாயிறு ஆட்டத்துக்கு அது போதும். ஆட்டம் நன்றாகப் போனால் மீதி ஊரைத் தேடி அவரே வருவார்.

உள்ளே என்ன இருந்தால் 12 டாலர் கேட்கலாம்? நான் முதலில் எழுதியது அகழூர் மன்னர்களின் வம்சாவளி. 11 பக்கம். எழுதும்போது சுகமாக இருந்தது. இரண்டு வருட ஆட்டத்தில் ஒரு தடவைகூட அதைத் திறக்கவில்லை. ஒரு ஞாயிறு, கடைசி வருடம் படிக்கும் பெண் ஒருத்தி, "அண்ணா, இந்த ஊர்ல குதிரைக்கு லாடம் அடிக்கிறது யாரு?" என்று கேட்டாள். புரட்டினேன், புரட்டினேன். லாடக்காரரைப் பற்றி எழுதியிருந்தேன், எங்கே என்றுதான் தெரியவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால் நான்கு பேரும் போனில் இருந்தார்கள். அன்று ராத்திரி 11 பக்கத்தை அரைப் பக்கமாக்கினேன். மிச்சமான இடத்தில் தொழில் வாரியாக ஒரு பட்டியல் வைத்தேன்: லாடம், பூட்டு, கள்ளக் கடிதம், பிரேதம் எரிப்பது, கடன். ஒவ்வொன்றுக்கும் ஆள் பெயர், தெரு, பக்க எண். புத்தகத்திலேயே அதிகம் அழுக்கான பக்கம் இன்று அதுதான்.

ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று விஷயம் மட்டும் எழுதுகிறேன்: உள்ளே நுழைந்ததும் மூக்கிலும் கண்ணிலும் படுவது, அங்கே யாருக்கு என்ன வேண்டும், ஆட்டக்காரர்கள் தலையிடாவிட்டால் என்ன நடக்கும். புத்தகத்திலிருந்து ஒரு பதிவு இதோ:

"மணல் துறை. பகலில் காய்ந்த ஆறு, இரவில் நூறு லாந்தர். ஊற்று தோண்டிய பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, பக்கத்திலேயே வண்டிக்காரர் சங்கம் மணலை அள்ளுகிறது. சங்கத் தலைவிக்கு வேண்டியது ஒன்றுதான்: பழைய பாலத்தின் மூன்றாம் தூண் அருகே யாரும் தோண்டக் கூடாது. தலையிடாவிட்டால்: பத்தாம் நாள் ஊற்று வற்றும். பன்னிரண்டாம் நாள் தோல்பேட்டைக்காரர்கள் அகழித் தண்ணீரில் கை வைப்பார்கள்."

இவ்வளவுதான். தூணுக்கு அடியில் இருப்பது என்ன என்பது வேறு பக்கத்தில், ஆட்டம் நடத்துபவருக்கு மட்டும். பாலாற்றை வெயில் காலத்தில் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

சொந்த ஊரிலிருந்து எடுப்பதில் தப்பே இல்லை, ஆனால் பெயரை மாற்றி அப்படியே இறக்கி வைத்தால் அது சுற்றுலாக் கையேடாகிவிடும். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பி வந்ததும் கடைசி வரி செல்லாமல் போனது. அகழூரில் அந்த வரி இன்னும் செல்லும். சாமியை வெளியூரில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், எந்த ஊரில் என்று மூன்று பேருக்குத்தான் தெரியும், மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இது ஆட்டம்.

1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சியிலிருந்து நான் எடுத்தது சண்டையை அல்ல, கடிகாரத்தை. புதுத் தலைப்பாகை போடச் சொன்ன உத்தரவு, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை, விடியுமுன் கோட்டைக்குள் எழுந்த சிப்பாய்கள். அதன் பிறகு ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து சேரும்வரை இருந்தது சில மணி நேரம். அகழூரிலும் ஒரு தலைப்பாகை உத்தரவு வருகிறது. குதிரைப்படை வர எட்டு மணி நேரம், மணிக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். அந்த எட்டு வரியைப் பற்றி வந்த பாராட்டு, நான் அழகாக எழுதியதாக நினைத்த எதற்கும் வரவில்லை.

சரி, உரிமை விஷயம். சுருக்கமாகச் சொல்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின் பொதுப் பகுதியான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் (CC BY 4.0) என்ற பொது உரிமத்தில் கிடைக்கிறது. அதில் உள்ளதை வைத்து விற்கலாம். விதிகளை வெளியிடும் நிறுவனம் கொடுத்திருக்கும் நன்றிக் குறிப்பை ஓர் எழுத்து மாற்றாமல் உங்கள் புத்தகத்தில் போட வேண்டும். அட்டையில் "ஐந்தாம் பதிப்புடன் பொருந்தும்" என்று எழுதலாம். அவர்கள் முத்திரையை ஒட்டக் கூடாது. எஸ்ஆர்டியில் இல்லாத பூதத்தை எடுத்து ஆள வேண்டாம். நகரப் புத்தகத்தில் பூத விவரம் குறைவாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி, வேறு விதிகளில் விளையாடுபவர்களும் வாங்குவார்கள். டிஎம்ஸ் கில்ட் என்ற தளம் உண்டு, அங்கே எழுதுபவருக்கு 50 சதவீதம். ஆனால் அது அந்த நிறுவனத்தின் உலகங்களில் எழுதுபவர்களுக்கானது. சொந்த ஊர் கட்டியவருக்கு அங்கே வேலையில்லை.

இனி என் தொழில். இதில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பிரதியை யூனிகோடில் மட்டுமே செய்யுங்கள். பத்திரிகை, நோட்டீஸ் வேலையில் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் என் கை பழகிவிட்டது, முதல் வரைவை அதிலேயே அடித்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு பையன் அந்த வரைவின் பிடிஎஃப்பைப் போனில் திறந்து "அகழி" என்று தேடினான். ஒன்றுமே வரவில்லை. 128 பக்கமும் அகழியைப் பற்றிய புத்தகம்! கண்ணுக்குத்தான் அது தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஆட்டத்தின் நடுவே தேட முடியாத பிடிஎஃப் யாருக்கு உதவும்? மொத்தத்தையும் மாற்றினேன். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் கிடக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையைக் கணினி அகரவரிசைப்படுத்தும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். யூனிகோடில் ன என்ற எழுத்து ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. எண் வரிசைப்படி அடுக்கும் மென்பொருளில் "அன்னச்சத்திரம்" மேலேயும் "அப்பக்கடை" கீழேயும் வந்தது. அகராதி பார்த்துப் பழகியவர் அன்னச்சத்திரத்தைக் கடைசியில்தான் தேடுவார். கையால்தான் சரி செய்தேன், இரண்டு ராத்திரி.

வரைபடத்தை இரண்டாகச் செய்யுங்கள், பெயரோடு ஒன்று, பெயர் இல்லாமல் ஒன்று. ரகசிய வழி இருக்கும் படத்தை மேசையில் விரிக்க முடியாதல்லவா. இணையத்தில் ஆடுபவர்களுக்குக் கட்டம் போட்ட படத்தையும் தனிக் கோப்பாகக் கொடுங்கள். ரோல்20 தளத்தில் ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல். ஆங்கில பிடிஎஃப்பை ஏ4 அளவில் போடாதீர்கள். வாங்குபவர்களில் அமெரிக்கர்கள் நிறைய, அவர்கள் வீட்டுத் தாள் எட்டரைக்குப் பதினொன்று அங்குலம்.

அச்சு. நான் எடுத்தது ஏ5 அளவு, 80 ஜிஎஸ்எம் கனத்தில் இளமஞ்சள் தாள், உள்ளே கருப்பு வெள்ளை, 300 ஜிஎஸ்எம் அட்டைக்கு மேட் லேமினேஷன், பின்னால் மடித்து வைத்த கலர் வரைபடம். பக்கங்களை 16இன் மடங்காக வையுங்கள். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். 128 என்றால் 8 ஃபாரம், தாள் வீணாகாது. 130 பக்கம் என்று கொண்டுபோனால் அச்சகத்தில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஐந்நூறுக்குக் கீழே என்றால் ஆப்செட் பக்கம் போகாதீர்கள். பிளேட் செலவு இருநூறுக்கும் ஒன்றுதான், ஆயிரத்துக்கும் ஒன்றுதான். டிஜிட்டலில் 200 பிரதி போட்டேன். வரைபடத்தோடு சேர்த்துப் பிரதிக்கு 130 ரூபாய் அடக்கம். பைண்டிங்கில் மட்டும் கை இறுக வேண்டாம். வெறும் பசை போட்ட புத்தகத்தை மேசையில் மல்லாக்க விரித்து மேலே பகடைப் பெட்டியை வைப்பார்கள், ஒரே மாதத்தில் நடுவில் பிளக்கும். ஃபாரம் ஃபாரமாக நூல் தைக்கச் சொல்லுங்கள்.

அச்சகத்தில் எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். முப்பது பிரதிகளில் நான்காம் ஃபாரம் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது. மாற்றித் தரவில்லை, "அடுத்த வேலையில பாத்துக்கலாம் சார்" என்றார்கள். அடுத்த வேலை ஏது? ஆனால் அதைவிடப் பெரிய தப்பு என்னுடையது. கோட்டைப் படத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரித்துப் போட்டிருந்தேன். புத்தகம் வந்ததும் ஆசையாகத் திறந்தால் கிழக்கு வாசலைக் காணோம். தைத்த மடிப்புக்குள் போய்விட்டது. ஊருக்குள் நுழைய இருப்பதே அந்த ஒரு வாசல்தான். இரண்டு பக்கம் விரியும் படத்தின் நடுவில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள், உள் ஓரம் 20 மில்லிமீட்டராவது விடுங்கள். வெளி ஓரத்தில் வெட்டுக்காகப் படம் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முக்கியமாக, மொத்தமும் ஓடுவதற்கு முன் ஒரே ஒரு பிரதியைத் தைத்துக் கொடுக்கச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள். ஊராருக்கெல்லாம் புரூஃப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறவன், என் வேலைக்கு வாங்கவில்லை.

தமிழ்ப் பிரதிக்கு முதலில் நான் யோசித்த விலை 250. கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேட்டார். 100 போனால் 150, அடக்கம் 130 போனால் 20. ஒரு டீயும் ஒரு வடையும். அடக்க விலையை மூன்றால் பெருக்கினால் 390, மூன்றரையால் பெருக்கினால் 455. 450 என்று வைத்தேன். கடை வழியாக விற்றால் 140 நிற்கும். நேரில் விற்றால் அட்டைப்பெட்டி, டேப் 20 ரூபாய் போக 300. தபால் செலவு வாங்குபவருடையது, அதை விலைக்குள் ஒளிக்காமல் தனியாகச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலப் பிடிஎஃப் 12 டாலர் என்றால் ஆயிரத்துச் சொச்சம் ஆயிற்றே, தமிழ்ப் புத்தகம் மட்டும் ஏன் 450 என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். இரண்டும் வேறு வேறு சந்தை. ஆம்பூரில் பிரியாணி ஒரு விலை, அதே பிரியாணி சென்னை மாலில் இன்னொரு விலை.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சகத்துக்காரர் உங்களுக்குப் போடும் பில்லில் இருக்கும், அது வேறு கதை.

எங்கே விற்பது? வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இந்தியாவில் இருந்துகொண்டு திட்டம் தொடங்க முடியாது, அந்தக் கனவை முதலிலேயே விட்டுவிடுங்கள். டிரைவ்த்ரூவில் வேறெங்கும் விற்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் 70 சதவீதம், இல்லையென்றால் 65. 12 டாலரில் அந்த ஐந்து சதவீதம் 60 சென்ட். அதற்காகக் கையைக் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இட்ச் (itch.io) என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில் அவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை நாமே முடிவு செய்யலாம், மாற்றாமல் விட்டால் 10 சதவீதம். ஆனால் கூட்டம் இருப்பது முதல் கடையில். எனவே இரண்டிலும் போட்டேன், ஒரே விலைக்கு. ஒன்றில் குறைத்து வைத்தால் மற்றதில் வாங்கியவர் திட்டுவார், திட்டவும் வேண்டும். பணம் பேபாலில் வரும்போது எதற்காக வந்தது என்ற பர்பஸ் கோடு கேட்பார்கள். அதை முதல் நாளே சரியாகக் கொடுத்து, பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஒரே பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் இனிஷியல் முன்னால், பானில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால். அந்த ஒரு புள்ளிக்காக வங்கிக்கு மூன்று நடை நடந்தேன்.

புத்தகம் வெளியான பிறகு தப்புகள் தெரியவரும். நிச்சயம் வரும். பிடிஎஃப் என்றால் திருத்திய கோப்பை ஏற்றிவிடலாம், வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்வார்கள், காசு கிடையாது. அச்சுப் பிரதிக்குக் கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சும் மஞ்சள் அட்டைத் துண்டுகளைப் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்று செருகி அனுப்புகிறேன். அதில் இரண்டே வரி. கிழக்கு வாசல் மடிப்புக்குள் இருக்கிறது, மன்னிக்கவும். அன்னச்சத்திரம் 47ஆம் பக்கத்தில் இல்லை, 74இல் இருக்கிறது.